புழுங்கல் அரிசியும் நான்கு கட்டங்களும்

கும்பகோணத்து அக்கிரகாரங்களில் பச்சரிசிக்கே மதிப்பு. சுற்றுவட்டாரத்தில் வயலில் உழைத்த குடும்பங்களின் சோறு புழுங்கல் அரிசிச் சோறு. நெல்லை ஊறவைத்து, அண்டாவில் ஏற்றி, உமி வாய் பிளக்கும்வரை அவித்து, களத்தில் கொட்டிக் காலால் கிளறிக் காயவைப்பார்கள். அவியும்போது தவிட்டிலுள்ள தயாமின் சத்து அரிசிக்குள் இறங்குகிறது. பிறகு ஆலையில் தீட்டினாலும் அது முழுதும் போய்விடாது.

நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்குக்குப் போன தமிழர்கள் இந்தப் பழக்கத்தையும் கொண்டுபோனார்கள். மலாயாவில் அப்போது பெரிபெரி நோய் கொத்துக்கொத்தாக ஆட்களைச் சாய்த்தது. கால் மரத்துப்போகும், உடல் வீங்கும், கடைசியில் இதயம் நின்றுவிடும். தீட்டிய சயாம் பச்சரிசி தின்ற சீனத் தொழிலாளர்களே அதிகம் விழுந்தனர்; தமிழர்களை அது தொட்டது அரிது. காரணம் அரிசிதான் என்றார் பிராடன் என்ற மருத்துவர். ஆனால் இரு சாராரின் வேலை வேறு, குடியிருப்பு வேறு, கூட உண்ட பதார்த்தங்களும் வேறு. அரிசியை மட்டும் எப்படிக் குற்றவாளியாக்குவது?

கோலாலம்பூர் மனநலக் காப்பகத்தில் 1905 இறுதியில் வில்லியம் பிளெட்சர் என்ற மருத்துவர் ஒரு சோதனை தொடங்கினார். உள்ளே இருந்தவர்களை வரிசையாக நிறுத்தி, ஒருவர் விட்டு ஒருவராக இரண்டு கூட்டமாகப் பிரித்தார். ஒரு கூட்டத்துக்குப் பச்சரிசி, மற்றதற்குப் புழுங்கல். இடையில் இரு கூட்டத்தையும் விடுதி மாற்றியும் பார்த்தார். அவர்களிடம் சம்மதம் கேட்கும் வழக்கம் அன்று இல்லை. இன்று இப்படிச் செய்ய எந்த நெறிமுறைக் குழுவும் விடாது.

1907இல் 'லான்செட்' இதழில் வந்த முடிவை நான்கு கட்டங்களில் அடக்கலாம். நிரையில் தின்ற அரிசி, நிரலில் நேர்ந்த கதி. பச்சரிசி தின்ற 120 பேரில் பெரிபெரியால் இறந்தவர் 18, மற்றவர் 102. புழுங்கல் தின்ற 123 பேரில் இறந்தவர் எவருமில்லை. முதல் கூட்டத்தில் நூற்றுக்குப் பதினைந்து, அடுத்ததில் சுழியம். இத்தகைய அட்டவணைக்கு ஆங்கிலத்தில் இன்று வழங்கும் 'contingency table' என்ற பெயர், 1904இல் புள்ளியியலாளர் கார்ல் பியர்சன் புகுத்திய சொல்லிலிருந்து வந்தது.

இறப்பை விட்டு நோயை எண்ணினால் ஒரு சிக்கல் உண்டு. புழுங்கல் கூட்டத்தில் இருவருக்குப் பெரிபெரி இருந்தது. ஆனால் இருவரும் காப்பகத்துக்கு வரும்போதே நோயோடு வந்தவர்கள். அவர்களைப் புழுங்கல் அரிசியின் கணக்கில் எழுதினால் அட்டவணை பொய் சொல்லும். நோய் முன்பே இருந்தவரை விலக்கிவிட்டுத்தான் கட்டங்களை நிரப்ப வேண்டும்.

அடுத்து பிரேசர், ஸ்டாண்டன் என்ற இரு மருத்துவர்கள் மலாயாவில் சாலை போட வந்த ஜாவாத் தொழிலாளர்களிடையே இதையே சோதித்தனர். பாதியில் அரிசியை மாற்றிக் கொடுத்தபோது நோயும் பச்சரிசியின் பின்னாலேயே போனது.

எந்தச் சத்தின் குறைவால் பெரிபெரி வருகிறதோ அந்தத் தயாமினைப் படிகமாகப் பிரித்தெடுத்தவர்கள் ஜாவாவில் இருந்த யான்சனும் டோனாத்தும். அது 1926இல், பிளெட்சரின் கணக்கு அச்சேறிப் பத்தொன்பது ஆண்டுகளுக்குப் பின்.