ஈறு வளர்த்த மாத்திரையும் இரண்டு வைட்டமின்களும்

வலிப்புக்கு மாத்திரை சாப்பிட்டால் பல் ஈறு ஏன் வளரணும்? மூளைக்குப் போகவேண்டிய மருந்துக்கு வாயில் என்ன வேலை? ஃபெனிட்டாய்ன் என்ற மருந்தைப் பற்றிப் படிக்கும்போது எனக்கு வந்த கேள்வி இது. நான் சாஃப்ட்வேர் ஆள், டாக்டர் இல்லை. ஆனால் இதன் விடையைத் தேடின கதை, ஒரு பெரிய பிழையைத் துரத்திப் பிடிக்கிற கதை மாதிரியே இருக்கு.

ஃபெனிட்டாய்னை முதலில் உருவாக்கியவர் ஜெர்மன் வேதியியலாளர் ஹைன்ரிஷ் பில்ட்ஸ், 1908-ல். அது எதற்கு உதவும் என்று அப்போது யாருக்கும் தெரியாது. அந்தக் காலகட்டத்தில் வலிப்புக்கு முக்கியமாக இருந்தவை இரண்டே மருந்துதான்: 1857-ல் வந்த புரோமைடு, 1912-ல் வந்த ஃபீனோபார்பிட்டால். இரண்டுமே ஆளைத் தூங்கவைக்கும். அதனால் தூக்கம் வரவைக்காத மருந்து வலிப்பை நிறுத்தாது என்றே பலரும் நினைத்தார்கள். ஃபெனிட்டாய்ன் தூக்கம் வரவைக்காது, எனவே அலமாரியிலேயே கிடந்தது.

1930-களில் பாஸ்டனில் டிரேசி பட்னம், ஹூஸ்டன் மெரிட் என்ற இரண்டு நரம்பியல் மருத்துவர்கள் வேறு வழியில் போனார்கள். பூனைகளுக்கு மின்சாரத்தால் வலிப்பு வரவைத்து, எந்த மருந்து அதைத் தடுக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். பார்க்-டேவிஸ் கம்பெனி அனுப்பிய மருந்துகளில் ஃபெனிட்டாய்ன் நின்று ஜெயித்தது. 1938-ல் நோயாளிகளிடம் கிடைத்த முடிவுகளை வெளியிட்டார்கள். வலிப்பும் குறைந்தது, நோயாளி விழித்தும் இருந்தார். பாதி நாள் மயக்கத்தில் கிடந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விடுதலை என்று யோசித்துப் பாருங்க.

அடுத்த வருஷமே விலை தெரிந்துவிட்டது. 1939-ல் கிம்பால் என்ற அமெரிக்க மருத்துவர், மருந்து சாப்பிட்ட 119 பேரைப் பரிசோதித்தார். அவர்களில் 57 சதவீதம் பேருக்கு ஈறு வளர்ந்திருந்தது. சிலருக்கு முன்பல்லையே மூடும் அளவுக்கு. அவர்களுடைய ரத்தத்தில் வைட்டமின் சி குறைவாக இருப்பதையும் பார்த்தார். அதுதான் காரணம் என்று தோன்றியது.

அப்படித் தோன்றியதில் ஆச்சரியம் இல்லை. ஈறு வீங்கினால் ஸ்கர்வி என்பது கடலோடிகள் காலத்துப் பாடம். 1747-ல் ஜேம்ஸ் லிண்ட் பன்னிரண்டு மாலுமிகளை வைத்து ஆரஞ்சும் எலுமிச்சையும் ஸ்கர்வியைக் குணப்படுத்துவதைக் காட்டினார். வைட்டமின் சி-யைப் பிரித்தெடுத்த சென்ட்-ஜியார்ஜிக்கு நோபல் பரிசு கிடைத்தது 1937-ல், அதாவது இரண்டே வருஷம் முன்னால். அந்த நேரத்தில் ஈறு என்றதும் வைட்டமின் சி நினைவுக்கு வராமல் இருந்தால்தான் அதிசயம்.

ஆனால் நோயாளிகளுக்கு வைட்டமின் சி கொடுத்தும் ஈறு இறங்கவில்லை. உற்றுப் பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி ஈறும் இல்லை. ஸ்கர்வி ஈறு பஞ்சு மாதிரி மெத்தென்று, கருஞ்சிவப்பாக, தொட்டாலே ரத்தம் வடியும். ஃபெனிட்டாய்ன் ஈறு கெட்டியாக, வெளிறிய ரோஜா நிறத்தில் இருக்கும். அழுக்கு சேர்ந்து புண்ணானால்தான் ரத்தம் வரும்.

அடுத்த துப்பு கிடைக்க 1980-கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மாற்றுச் சிறுநீரகம் பொருத்தியவர்கள் சாப்பிடும் சைக்ளோஸ்போரின், ரத்த அழுத்தத்துக்கான நிஃபெடிபின். இந்த இரண்டும் அதே மாதிரி ஈறை வளர்ப்பதாகச் செய்திகள் வந்தன. மூன்று மருந்து, மூன்று நோய், ஒரே விளைவு! சம்பந்தமே இல்லாத மூன்று புரோகிராம் ஒரே இடத்தில் விழுந்தால், மூன்றுக்கும் பொதுவாக இருப்பதைத்தானே தேடுவோம்? இங்கே அந்தப் பொது இடம், செல்லுக்குள் கால்சியம் போய்வரும் பாதை.

பரவலாகச் சொல்லப்படும் விளக்கம் இதுதான். ஈறின் நார்த்திசு செல்கள் கொலாஜன் என்ற புரதத்தைக் கட்டிக்கொண்டும், பழையதைப் பிரித்துக்கொண்டும் இருக்கும். கால்சியம் பாதை தடைப்பட்டால் செல்லுக்குள் போகும் ஃபோலிக் அமிலம் குறையும், அதனால் கொலாஜனைப் பிரிக்கும் நொதியும் குறையும். கட்டுமானம் நடக்கும், இடிப்பு மட்டும் நடக்காது. எல்லாருக்கும் இப்படி ஆவதில்லை, மரபும் இதில் ஒரு பங்கு வகிக்கிறது. பல்லில் படியும் அழுக்குப் படலம் இதை மேலும் தூண்டிவிடும். பல்லே இல்லாத இடத்தில் ஈறு இப்படி வளர்வது அபூர்வம்.

சிகிச்சையும் இதிலிருந்தே வருகிறது. ரொம்ப வளர்ந்த ஈறை வெட்டி எடுக்கலாம். ஆனால் மருந்தும் அழுக்கும் தொடர்ந்தால் மறுபடி வளரும். அதனால் ஒழுங்காகப் பல் துலக்குவதும், பல் மருத்துவரிடம் போய்ச் சுத்தம் செய்வதும்தான் முதல் வேலை. முடிந்தால் மருந்தையே மாற்றுவார்கள், உதாரணமாக சைக்ளோஸ்போரினுக்குப் பதில் டாக்ரோலிமஸ்.

எனக்கு ரொம்பப் பிடித்த திருப்பம் டெல்லியில் நடந்தது. எய்ம்ஸ் மருத்துவர்கள் ஃபெனிட்டாய்ன் தொடங்கிய 120 குழந்தைகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதிக்குத் தினமும் 0.5 மில்லிகிராம் ஃபோலிக் அமிலமும், மறு பகுதிக்கு வெறும் போலி மாத்திரையும் கொடுத்தார்கள். முடிவு வெளியானது 2011-ல். ஆறு மாதத்தில் போலி மாத்திரை சாப்பிட்டவர்களில் 88 சதவீதம் பேருக்கு ஈறு வளர்ந்தது. ஃபோலிக் அமிலம் சாப்பிட்டவர்களில் 21 சதவீதம்தான். வைட்டமின் என்று 1939-ல் யோசித்த திசை சரிதான், வைட்டமின்தான் வேறு.

உடனே கடையில் வாங்கி நாமே சாப்பிடக் கூடாது. ஃபோலிக் அமிலம் ரத்தத்தில் ஃபெனிட்டாய்ன் அளவையே குறைக்கக்கூடும், எனவே டாக்டரைக் கேட்டுத்தான். இன்னொன்று இதைவிட முக்கியம். கண்ணாடியில் ஈறைப் பார்த்துப் பயந்து வலிப்பு மாத்திரையைத் தானாக நிறுத்திவிடாதீங்க. திடீரென்று நிறுத்தினால் விடாமல் வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். பல் மருத்துவரிடம் போகும்போது சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் சீட்டையும் எடுத்துட்டுப் போங்க, பிரஷர் மாத்திரை உட்பட. ஈறைப் பார்க்கிறவருக்கும் மருந்து எழுதுகிறவருக்கும் நடுவில் தகவல் கொண்டுபோக நம்மை விட்டால் ஆள் இல்லை.