அமைச்சர் வருகிறார்! – சிங்கப்பூரின் தொகுதி உலாக் கதை

"அமைச்சர் வருகிறார்" என்று ஒரு பேட்டையில் செய்தி பரவினால் என்னவெல்லாம் நடக்கும்? மாதக்கணக்கில் அடைத்துக் கிடந்த சாக்கடை ஒரே நாளில் சுத்தமாகும். எரியாத தெருவிளக்கு எரியும். பந்தல், மாலை, ஒலிபெருக்கி எல்லாம் வந்து சேரும். அமைச்சர் காரை விட்டு இறங்குவார், எல்லோரையும் பார்த்துக் கும்பிடுவார், நாலு பேரிடம் மனு வாங்குவார், போய்விடுவார். அதற்குப் பிறகு? பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. உலகத்தில் பல ஊர்களில் இதுதான் கதை.

ஆனால் ஒரு சின்ன நாட்டில் இந்த வருகைகள் ஆட்டம் கண்டிருந்த ஓர் ஆட்சிக்கு ஊன்றுகோலாக இருந்தன. அதோடு முடியாமல், இன்றைக்கும் இயங்குகிற ஒரு பெரிய அமைப்பாகவும் மாறின. அந்த நாடு சிங்கப்பூர். 1962-63ல் நடந்த அந்தத் தொகுதி உலாக்களைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

ஆரம்பம்: டேவிட் மார்ஷல்

சிங்கப்பூரில் ஆட்சியில் இருப்பவர் மக்களை நேரில் சந்தித்துக் குறை கேட்கும் வழக்கத்தைத் தொடங்கியவர் லீ குவான் யூ என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல. 1955ல் நடந்த தேர்தலுக்குப் பிறகு முதல் முதலமைச்சரான டேவிட் மார்ஷல்தான் 'மக்களைச் சந்திக்கும் நிகழ்ச்சி' என்பதைத் தொடங்கினார். அப்போது பிரிட்டிஷ் ஆட்சி. ஆங்கிலம் தெரியாத சாதாரண ஆள் அரசாங்க அலுவலகத்துக்குள் நுழைந்து ஒரு காரியத்தை முடிப்பது குதிரைக்கொம்பு. அப்படிப்பட்ட காலத்தில் முதலமைச்சரே உட்கார்ந்து குறை கேட்கிறார் என்றால் அது எவ்வளவு பெரிய விஷயம்!

மார்ஷல் 1956ல் பதவி விலகினார். ஆனால் அவர் தொடங்கிய வழக்கம் நின்றுபோகவில்லை. பின்னால் வந்தவர்கள் அதை எடுத்துக்கொண்டார்கள்.

ஒரு ஓட்டில் தொங்கிய ஆட்சி

1959 மே 30ந் தேதி நடந்த தேர்தலில் லீ குவான் யூவின் மக்கள் செயல் கட்சி மொத்தம் 51 இடங்களில் 43ஐப் பிடித்தது. அசைக்க முடியாத பெரும்பான்மை. ஆனால் இரண்டே ஆண்டுகளில் நிலைமை தலைகீழானது.

1961 ஏப்ரலில் ஹொங் லிம் இடைத்தேர்தல். கட்சியிலிருந்து விலக்கப்பட்ட முன்னாள் அமைச்சர் ஓங் எங் குவான் அதில் ஆளுங்கட்சியைத் தோற்கடித்தார். அதே ஆண்டு ஜூலையில் ஆன்சன் இடைத்தேர்தல். அதில் வென்றவர் யார் தெரியுமா? அதே டேவிட் மார்ஷல்! இப்போது பாட்டாளிக் கட்சி வேட்பாளராக.

அடுத்த அடி உள்ளேயிருந்தே வந்தது. மலாயாவுடன் இணைவது பற்றிய சண்டையில் கட்சி இரண்டாகப் பிளந்தது. ஜூலை 21ந் தேதி நடந்த நம்பிக்கை வாக்கெடுப்பில் 27 பேர் ஆதரவு, 8 பேர் எதிர்ப்பு, 16 பேர் நடுநிலை. நடுநிலை வகித்தவர்களில் 13 பேர் ஆளுங்கட்சிக்காரர்கள். அவர்கள் வெளியேற்றப்பட்டு பாரிசான் சோசலிஸ் என்ற புதுக் கட்சியைத் தொடங்கினார்கள். 51 பேர் கொண்ட மன்றத்தில் அரசுக்கு மிச்சமிருந்தது 26 பேர். 1962 ஜூலையில் இன்னொரு உறுப்பினரும் விலக, அந்தப் பெரும்பான்மையும் போனது.

உறுப்பினர்கள் போனதுகூடப் பெரிதில்லை. அடிமட்டத் தொண்டர்களில் பெரும்பாலோர், கிளை அலுவலகங்களை நடத்தியவர்கள், தொழிற்சங்கக்காரர்கள் எல்லாம் பாரிசான் பக்கம் போய்விட்டார்கள். கணக்குப் பாடத்தின் மொழியில் சொன்னால், தலைமை அலுவலகம் இருக்கிறது, ஆனால் கிளைகளில் சரக்கும் இல்லை, ஆட்களும் இல்லை. மக்களிடம் போய்ச் சேர வழியே இல்லாத கட்சி என்ன செய்யும்?

தலைவரே நேரில் போவது என்று முடிவானது.

51 தொகுதிகள்

1962 நவம்பர் முதல் 1963 செப்டம்பர் வரை பிரதமர் லீ குவான் யூ 51 தொகுதிகளுக்கும் நேரில் போனார். ஒன்றுகூட விடவில்லை. எதிர்க்கட்சி வலுவாக இருந்த பகுதிகளுக்கும் போனார்.

திறந்த லேண்ட் ரோவர் வண்டியில் நின்றபடி, கையில் மைக்குடன் ஊருக்குள் நுழைவார். சீனர் பகுதியில் சிங்க நடனம், மலாய்க்காரர் கம்பத்தில் அவர்கள் முறைப்படி வரவேற்பு, இந்தியர்கள் இருக்குமிடத்தில் பூமாலை. (கம்பம் என்றால் மலாய் மொழியில் கிராமம். நம் தேனி மாவட்டத்துக் கம்பம் அல்ல!) கடைக்காரர்கள், ஊர்ப் பெரியவர்கள், குலச் சங்கத் தலைவர்கள் எல்லாம் முன்னால் வந்து நிற்பார்கள். ஆங்கிலம், மலாய், மாண்டரின், ஹொக்கியன் என்று இடத்துக்கு ஏற்றபடி பேசுவார். ஹொக்கியன் மொழியை 1961 இடைத்தேர்தல் சமயத்தில்தான் பாடம் வைத்துக் கற்க ஆரம்பித்தார் என்பது சுவாரசியமான விஷயம். தமிழில் மட்டும் அவரால் பேச முடியவில்லை.

மக்கள் என்ன கேட்டார்கள்? கோட்டை கொத்தளம் எதுவும் கேட்கவில்லை. தெருக்குழாய், சாலை, வடிகால், தெருவிளக்கு. இவ்வளவுதான். அன்றைய சிங்கப்பூரை இன்றைய கண்ணாடிக் கோபுர நகரமாக நினைத்துவிடக் கூடாது. அத்தாப்பு ஓலைக் கூரையும் தகரமும் பலகையும் சேர்த்துக் கட்டிய வீடுகளில் பெருங்கூட்டம் வாழ்ந்தது. 1961 மே 25ந் தேதி புக்கிட் ஹோ சுவீ என்ற குடிசைப் பகுதியில் பிடித்த தீயில் சுமார் 16,000 பேர் வீடிழந்தார்கள் என்றால் நெருக்கத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்தச் சிறு வேலைகளின் செலவையும் பலனையும் யோசித்துப் பாருங்கள். ஒரு தெருக்குழாய் போட அரசுக்கு ஆகும் செலவு மிகக் குறைவு. ஆனால் தினமும் வாளி தூக்கி நெடுந்தூரம் நடந்த ஒரு அம்மாவுக்கு அது வாழ்க்கையையே மாற்றும் விஷயம். எந்தத் தெருவில் குழாய் வேண்டும் என்ற தகவல் கோப்புகளில் இருக்காது, அந்தத் தெருவில்தான் இருக்கும். அதைத் தெரிந்துகொள்ள நேரில் போவதைவிட மலிவான வழி அன்று இல்லை.

இதே சமயத்தில் இன்னொரு கருவியும் வந்து சேர்ந்தது. 1963 பிப்ரவரி 15ந் தேதி சிங்கப்பூரில் தொலைக்காட்சி சோதனை ஒளிபரப்பு தொடங்கியது. ஒரு பேட்டைக்கு வந்த பிரதமரை மற்ற பேட்டைக்காரர்களும் பார்க்க முடிந்தது.

சிங்கப்பூர் 'தோட்ட நகரம்' என்று பெயர் வாங்கியதன் முதல் விதையும் இந்த உலாக் காலத்தில்தான் விழுந்தது. 1963 ஜூன் 16ந் தேதி ஃபேரர் சர்க்கஸ் என்ற இடத்தில் பிரதமர் ஒரு மெம்பாட் மரக்கன்றை நட்டார். சிங்கப்பூரின் மரம் நடும் இயக்கம் அதிலிருந்துதான் கணக்கிடப்படுகிறது.

நாணயத்தின் மறுபக்கம்

இதுவரை படித்தால் நல்ல தலைவர், நல்ல மக்கள், நல்ல முடிவு என்று தோன்றும். ஆனால் வரலாற்றைப் பாதியோடு நிறுத்தக் கூடாது.

உலாக்கள் நடந்துகொண்டிருந்தபோதே, 1963 பிப்ரவரி 2ந் தேதி 'ஆபரேஷன் கோல்ட்ஸ்டோர்' என்ற பெயரில் 100க்கும் மேற்பட்டோர் விசாரணை இல்லாமல் சிறை வைக்கப்பட்டார்கள். பாரிசான் தலைவர் லிம் சின் சியோங், தொழிற்சங்கத் தலைவர்கள், பத்திரிகைக்காரர்கள் எல்லாம் அதில் அடக்கம். கம்யூனிஸ்ட் சதியைத் தடுக்க இது தேவைப்பட்டது என்றது அரசு. அரசியல் எதிரிகளை ஒழிக்கத்தான் என்று எதிர்த்தரப்பும், பிற்கால வரலாற்றாசிரியர்கள் சிலரும் சொல்கிறார்கள். அந்த விவாதம் இன்னும் முடியவில்லை. லிம் சின் சியோங் வெளியே வந்தது 1969ல்தான்.

ஆகவே ஒரு பக்கம் பிரதமர் வீதி வீதியாக மாலை வாங்கிக்கொண்டிருந்தார். இன்னொரு பக்கம் அவரை எதிர்த்து அதே வீதிகளில் பேசியிருக்கக்கூடிய பலர் கம்பிக்குப் பின்னால் இருந்தார்கள். இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் 1963 புரியும்.

செப்டம்பர் 16ல் மலேசியா உருவானது. ஐந்தே நாளில், செப்டம்பர் 21ல் தேர்தல். மக்கள் செயல் கட்சிக்கு 37 இடம், பாரிசானுக்கு 13, ஓங் எங் குவானுக்கு 1. ஆளுங்கட்சி வாங்கிய வாக்கு சுமார் 47 சதவீதம். பாதிக்கும் கீழே! உலாக்கள் இல்லாமல் இருந்திருந்தால்? கைதுகள் இல்லாமல் இருந்திருந்தால்? யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

வரவேற்புக் குழு அமைப்பானது எப்படி?

இந்தக் கதையில் மிக முக்கியமான பகுதி இதுதான். ஒவ்வொரு தொகுதியிலும் பிரதமரை வரவேற்க உள்ளூர்ப் பெரியவர்கள் சேர்ந்து ஒரு வரவேற்புக் குழு அமைத்தார்கள். சாதாரணமாக என்ன நடக்கும்? விழா முடிந்ததும் பந்தலோடு குழுவும் கலைந்துவிடும். சிங்கப்பூரில் அதைக் கலையவிடவில்லை. 1964ல் இனக்கலவரம் நடந்தபோது நல்லிணக்கக் குழுக்கள் அமைக்கப்பட்டன. இந்த இரண்டு வகைக் குழுக்களின் அடித்தளத்தில்தான் 1965ல் குடிமக்கள் ஆலோசனைக் குழுக்கள் வந்தன. அதற்கு முன்பே, 1960ல், சமூக மன்றங்களை நடத்த மக்கள் கழகம் அமைக்கப்பட்டிருந்தது. அடுக்குமாடிக் குடியிருப்புகள் பெருகிய பிறகு 1978ல் வசிப்போர் குழுக்கள் வந்தன.

அதாவது அமைச்சர் வராத நாளிலும் தெருவிளக்கு எரியவில்லை என்று சொல்ல ஓர் ஆள் இருந்தார். கேட்பதற்கும் ஓர் ஆள் இருந்தார். பல நாடுகளில் இல்லாதது இதுதான்.

ஆனால் இந்தக் குழுக்களுக்குத் தேர்தல் கிடையாது, நியமனம்தான். எதிர்க்கட்சி ஒரு தொகுதியில் ஜெயித்தாலும், அங்குள்ள அரசு சார்ந்த அடித்தள அமைப்புகளுக்கு ஆலோசகராக இருப்பவர் ஆளுங்கட்சி தரப்பு ஆள்தான். 1981ல் யாழ்ப்பாணத்தில் பிறந்த ஜே.பி. ஜெயரத்தினம் ஆன்சன் தொகுதியில் வென்று, பல ஆண்டுகளுக்குப் பிறகு நாடாளுமன்றத்தில் நுழைந்த முதல் எதிர்க்கட்சிக்காரர் ஆனார். அவரும், 1984ல் பொத்தோங் பாசிரில் வென்ற சியாம் சீ தோங்கும் இந்த அமைப்புக்கு வெளியே நின்றுதான் மக்களைச் சந்திக்க வேண்டியிருந்தது.

1997 ஜனவரித் தேர்தலின்போது இது இன்னும் வெளிப்படையானது. பழைய அடுக்குமாடி வீடுகளை மேம்படுத்தும் திட்டத்தில், ஆளுங்கட்சிக்கு அதிகம் வாக்களித்த பகுதிகளுக்கு முன்னுரிமை என்று அன்றைய பிரதமர் கோ சோக் தோங் அறிவித்தார். பழைய கட்டடங்களில் மின்தூக்கி எல்லா மாடியிலும் நிற்காது. முழங்கால் வலியுள்ள ஒரு பாட்டிக்கு அது வெறும் அரசியல் அல்ல, தினசரி வேதனை. அப்படியிருந்தும் ஹௌகாங்கும் பொத்தோங் பாசிரும் மறுபடி எதிர்க்கட்சியையே தேர்ந்தெடுத்தன. 83 இடங்களில் அந்த இரண்டு மட்டும்! தங்கள் முறை பின்னால் போகும் என்று தெரிந்தேதான் அங்குள்ளவர்கள் வாக்களித்தார்கள்.

கடைசியாக...

1963ல் ஒரு கம்பத்துக்குப் போன குழாயும், 1997ல் தள்ளிப்போன மின்தூக்கியும் ஒரே கேள்வியைத்தான் எழுப்புகின்றன. வரி கட்டுகிற குடிமகனுக்குத் தண்ணீரும் விளக்கும் உரிமையா, அல்லது அமைச்சர் வந்து கொடுக்கிற பரிசா?

அமைச்சர் நேரில் வருவது நல்லதுதான். வராமல் இருப்பதைவிட ஆயிரம் மடங்கு நல்லது. சிங்கப்பூரில் அவர்கள் வந்தார்கள், கேட்டார்கள், சொன்னதில் நிறையச் செய்தும் காட்டினார்கள். 1960ல் தொடங்கிய ஐந்தே ஆண்டுகளில் 50,000க்கும் மேற்பட்ட அடுக்குமாடி வீடுகளைக் கட்டிக் கொடுத்த அரசு அது. இதை யாரும் மறுக்க முடியாது.

ஆனால் ஒரு வருகையை எடைபோட அன்றைய கூட்டத்தையோ மாலைகளையோ எண்ணினால் போதாது. அவர் போன பிறகு குழாயில் தண்ணீர் வந்ததா? அவருக்கு ஓட்டுப் போடாத வீட்டுக்கும் வந்ததா? இந்த இரண்டையும் கேட்க வேண்டும். முதல் கேள்விக்குச் சிங்கப்பூர் உலகமே வியக்கும்படி பதில் சொன்னது. இரண்டாவது கேள்விக்கு 1997ல் ஹௌகாங்கிலும் பொத்தோங் பாசிரிலும் கிடைத்த பதில், "கொஞ்சம் பொறுங்கள், உங்கள் முறை கடைசியில்" என்பதுதான்.

அடுத்த முறை உங்கள் தெருவில் பந்தல் போட்டால், மாலை வாங்கப் போவதற்கு முன் இந்த இரண்டு கேள்விகளையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள் நண்பர்களே!