இரண்டு சனிக்கிழமைகள்: கோவையும் ஓமாவும்

1998ஆம் ஆண்டில், ஆறு மாத இடைவெளியில், இரண்டு சனிக்கிழமைப் பிற்பகல்கள். பிப்ரவரி 14 அன்று பிற்பகல் 3.50க்கு கோவை ஆர்.எஸ்.புரம் சண்முகம் சாலையில் முதல் குண்டு வெடித்தது. தேர்தல் கூட்டத்தில் பேச எல்.கே.அத்வானி வரவேண்டிய நேரம் அது. அவர் விமானம் தாமதமானதால் தப்பினார். 11 இடங்களில் 12 குண்டுகள். 58 பேர் இறந்தார்கள், 200க்கும் மேற்பட்டவர்கள் காயம்பட்டார்கள். ஆகஸ்ட் 15 அன்று பிற்பகல் 3.10க்கு வட அயர்லாந்தின் ஓமா என்ற சிறிய ஊரில், மார்க்கெட் தெருவில் நிறுத்தியிருந்த ஒரு கார் வெடித்தது. பள்ளி திறக்கப் போகிறது என்று பிள்ளைகளுக்குச் சீருடை வாங்க வந்த கூட்டம். 29 பேர் இறந்து போனார்கள். அவர்களில் ஒருவர் இரட்டைக் குழந்தைகளைச் சுமந்திருந்த கர்ப்பிணி. அதனால் அந்த ஊர் இன்றும் 31 என்றுதான் கணக்குச் சொல்கிறது.

இரண்டு ஊரிலும் இறந்தவர்கள் பெரும்பாலும் எந்தச் சண்டைக்கும் போகாதவர்கள். கடைக்கு வந்தவர்கள், கடையில் வேலை பார்த்தவர்கள், வழியில் நின்றவர்கள். அவர்களை இந்த இரண்டு ஊர்களும் எப்படி நினைவில் வைத்திருக்கின்றன என்பதைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க விரும்புகிறேன். காங்கேயத்தில் இருந்துகொண்டு இதை எழுதுவதற்கும் காரணம் உண்டு. கல்யாணத் துணிக்கு ஒப்பணக்கார வீதி, பெரிய சீக்குக்குக் கோவை ஆஸ்பத்திரி என்று வாழ்ந்த ஊர்கள் எங்களுடையவை. அன்று அங்கே நின்றிருக்க வாய்ப்பில்லாதவர் என்று இந்தப் பக்கத்தில் யாரையும் சொல்ல முடியாது.

முதலில் நீதியைப் பார்ப்போம். கோவைக் குண்டுவெடிப்பை விசாரிக்கத் தனி நீதிமன்றம் அமைந்தது. 2007இல் 158 பேர் குற்றவாளிகள் என்று தீர்ப்பு வந்தது. குண்டுகளை வைத்த அல்-உம்மா அமைப்பின் நிறுவனர் எஸ்.ஏ.பாஷாவுக்கு ஆயுள் தண்டனை. அதே வழக்கில் குற்றம் சாட்டப்பட்டிருந்த கேரள அரசியல்வாதி மதானி விடுதலையானார். ஓமாவிலோ இன்றுவரை அந்தக் கொலைகளுக்காக ஒருவருக்குக்கூடக் குற்றவியல் வழக்கில் தண்டனை நிலைக்கவில்லை. குண்டு வைத்தது ரியல் ஐ.ஆர்.ஏ. என்ற ஆயுதக் குழு என்பது உலகறிந்த செய்தி. இருந்தும் குடும்பங்கள் தாங்களே பணம் திரட்டி சிவில் வழக்குப் போட்டு, 2009இல்தான் நால்வரைப் பொறுப்பாளிகள் என்று பெல்ஃபாஸ்ட் நீதிமன்றத்தைச் சொல்ல வைத்தன. அந்த வகையில் கோவைக்குத் தீர்ப்பாவது கிடைத்தது.

நினைவு என்று வந்தால் நிலைமை தலைகீழ். ஓமாவில் 2008இல் ஒரு நினைவுப் பூங்கா திறந்தார்கள். அங்கே சூரியனைத் தொடர்ந்து திரும்பும் ஒரு பெரிய கண்ணாடி இருக்கிறது. அது 31 சிறிய கண்ணாடிகளுக்கு வெயிலை அனுப்புகிறது. அங்கிருந்து அந்த ஒளி, குண்டு வெடித்த தெருவில் நிற்கும் கண்ணாடித் தூணுக்குப் போய்ச் சேர்கிறது. கத்தோலிக்கர், புராட்டஸ்டன்ட், அயர்லாந்துக் குடியரசிலிருந்து சுற்றுலா வந்த சிறுவர்கள், ஸ்பெயின்காரர் இருவர் என்று எல்லோருக்கும் ஒரே அளவுக் கண்ணாடி. கல்வெட்டில் என்ன எழுதுவது என்பதில் ஊரில் கடும் சண்டை நடந்தது. இறந்தவர்களை மட்டும் குறிப்பிட்டால் போதும் என்றார்கள் சிலர். கொன்றது யார் என்று எழுதாத கல் எங்களுக்கு வேண்டாம் என்றன பல குடும்பங்கள். கடைசியில் கொன்றது யார் என்பதும் எழுதப்பட்டது. இந்தச் சண்டையை நான் மதிக்கிறேன். பொதுவாகக் கண்ணீர் விட்டுவிட்டுக் குற்றத்தை மறைக்கும் நினைவிடத்தை அந்தக் குடும்பங்கள் ஏற்கவில்லை.

கோவையில் பிப்ரவரி 14 வந்தால் ஆர்.எஸ்.புரத்தில் பா.ஜ.க.வும் இந்து அமைப்புகளும் மலரஞ்சலி செலுத்துகின்றன. நகரம் முழுக்கப் போலீஸ் பாதுகாப்பு. அஞ்சலி செலுத்துவதில் குறை காண எதுவுமில்லை; அவர்களாவது வருகிறார்கள். ஆனால் அந்த மேடையில் 58 என்பது ஒரு எண்ணாகத்தான் ஒலிக்கிறது. இறந்தவர் எந்தத் தெருக்காரர், என்ன வேலை பார்த்தார், யாருக்கு மகன் என்பது நகரத்துக்குத் தெரியாது.

அதோடு, 58க்கு முன்னால் இன்னொரு எண் இருக்கிறது. சரியாக 11 வாரங்களுக்கு முன், 1997 நவம்பர் 29, அதுவும் ஒரு சனிக்கிழமை. உக்கடம் பகுதியில் போக்குவரத்துக் காவலர் செல்வராஜ் குத்திக் கொல்லப்பட்டார். அதைத் தொடர்ந்து அடுத்த நாட்களில் நடந்த கலவரத்திலும் போலீஸ் துப்பாக்கிச் சூட்டிலும் 18 முஸ்லிம்கள் இறந்தார்கள். கடைகள் சூறையாடப்பட்டன, எரிக்கப்பட்டன. அந்தக் கொலைகளுக்கு 2007 தீர்ப்புக்கு ஒப்பான தீர்ப்பு எதுவும் வரவில்லை. அந்த 18 பேருக்குப் பொது இடத்தில் மாலை விழுவதும் இல்லை. குண்டு வைத்தவர்கள் பழிவாங்கியதாகச் சொல்லிக்கொண்டபோது இந்தப் பிணங்களையும் தங்கள் கணக்கில் எழுதிக்கொண்டார்கள். யாரும் அவர்களுக்கு அந்த உரிமையைக் கொடுக்கவில்லை. பிறகு 18ஐப் பேசுபவர்கள் 58ஐச் சுருக்கினார்கள், 58ஐப் பேசுபவர்கள் 18ஐ விட்டுவிட்டார்கள். இரண்டையும் விசாரிக்க அரசு அமைத்தது ஒரே ஆணையம்தான்; நீதிபதி பி.ஆர்.கோகுலகிருஷ்ணன் தலைமை தாங்கினார். ஊர் நினைவில் அவை இரண்டு கோப்புகளாகப் பிரிந்து கிடக்கின்றன.

ஓமாவுக்கு இந்தச் சிக்கல் இல்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரே குண்டு எல்லா மதத்தவரையும் கொன்றது. துக்கமும் ஒன்றாகவே பிறந்தது. நான்கு மாதம் முன்பே, ஏப்ரல் 10 அன்று, வட அயர்லாந்து மோதலை முடிக்கும் சமாதான ஒப்பந்தமும் கையெழுத்தாகியிருந்தது. ஆனால் வட அயர்லாந்து முழுதும் அப்படி இல்லை; பெல்ஃபாஸ்ட் நகரச் சுவர்களில் அவரவர் தெருவில் அவரவர் துப்பாக்கிக்காரர்களின் படம்தான் இன்றும் இருக்கிறது. ஆகவே கோவைக்குப் பக்கத்தில் வைக்க ஓமாவின் கண்ணாடியைவிடப் பொருத்தமானது ஒரு புத்தகம்: 1999இல் டேவிட் மெக்கிட்ரிக்கும் சக எழுத்தாளர்களும் வெளியிட்ட ‘லாஸ்ட் லைவ்ஸ்’. வட அயர்லாந்து மோதலில் இறந்த 3,600க்கும் மேற்பட்டவர்களைப் பற்றி அதில் ஒவ்வொருவராக எழுதியிருக்கிறார்கள். வரிசை தேதிப்படி மட்டுமே. மதத்துக்கு ஒரு பகுதி, கட்சிக்கு ஒரு பகுதி என்று கிடையாது. ஒவ்வொருவருக்கும் ஒரு எண், வயது, தொழில், எப்படி இறந்தார், கொன்றது யார். குண்டு வைக்கப் போய்ச் செத்தவனும் அதில் இருக்கிறான், தான் செய்தது என்ன என்ற விவரத்தோடு.

எல்லோரையும் ஒரே பட்டியலில் போட்டால் எல்லாச் சாவும் ஒன்று என்றாகிவிடாதா என்று கேட்பவர்களுக்கு அந்தப் புத்தகத்தில் பதில் இருக்கிறது. தேதி வரிசை யாரையும் மன்னிக்கவில்லை. யாரையும் விடவும் இல்லை. கோவையில் அப்படி ஒரு பட்டியல் எழுதினால், இன்னின்னாரைக் கொன்றது அல்-உம்மாவின் குண்டு, இன்னின்னாரைக் கொன்றது கும்பல், இன்னின்னாரைக் கொன்றது போலீஸ் தோட்டா என்று மூன்று வகையாக எழுத வேண்டியிருக்கும். எந்தத் தரப்பும் முழுதாக விரும்பாத பட்டியல் அது. அதனாலேயே இத்தனை ஆண்டுகளாக எழுதப்படவில்லை என்று நினைக்கிறேன்.

கொங்கு நாட்டுக்கு நினைவு வைக்கத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. புலியோடு போராடிச் செத்தவனுக்குப் புலிகுத்திக் கல் நட்ட மண் இது. காங்கேயத்துப் பக்கம் மேலப்பாளையத்தில் பிறந்த தீரன் சின்னமலைக்கு ஆடிப்பெருக்கன்று ஓடாநிலையில் கூட்டம் சேர்கிறது. 1946 ஜனவரி 8 அன்று தூக்கில் போடப்பட்ட சின்னியம்பாளையம் மில் தொழிலாளர் நால்வருக்கு ஆண்டுதோறும் செங்கொடி ஏறுகிறது. மின்கட்டண உயர்வை எதிர்த்து 1970 ஜூன் 19 அன்று பெருமாநல்லூரில் போலீஸ் குண்டுக்குப் பலியான மூன்று விவசாயிகளுக்கு நினைவிடம் இருக்கிறது. இவர்கள் எல்லோரும் ஏதோ ஒன்றுக்காக நின்று செத்தவர்கள். அவர்கள் நின்ற பக்கம் அவர்களைச் சுமக்கிறது. எதற்காகவும் நிற்காமல், துணிக்கடை வாசலில் நின்றதற்காகச் செத்தவரைச் சுமக்க நம்மிடம் கல் இல்லை.

ஆனால் ஃப்ளெக்ஸ் இருக்கிறது. காங்கேயம் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போனால் எந்த நாளிலும் ஒரு ‘கண்ணீர் அஞ்சலி’ பார்க்கலாம். நடுவில் போட்டோ, தோற்றம் இந்தத் தேதி, மறைவு இந்தத் தேதி, கீழே மகன், மருமகள், பேரன், பேத்தி. எந்த வீரமும் செய்யாதவருக்கும் பெயர், முகம், உறவு மூன்றையும் தெருவில் வைக்கும் வழக்கம் இது. 2025 ஜனவரியில் தொடங்கி ஓமாவில் நீதிபதி டர்ன்புல் தலைமையிலான விசாரணை ஆணையம் செய்ததும் ஏறக்குறைய இதுதான். போலீஸும் உளவுத்துறையும் எங்கே தவறின என்று கேட்பதற்கு முன்னால், இறந்த ஒவ்வொருவரையும் பற்றிக் குடும்பத்தார் பேச வாரக்கணக்கில் நேரம் ஒதுக்கினார்கள். குண்டு வெடித்து 26 ஆண்டுகள் கழித்து.

கோவையில் அப்படிப் பெயர்களை வைக்க ஒரு இடம் சொல்ல வேண்டுமானால் திருச்சி சாலை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையைச் சொல்வேன். 1997 கலவரத்தில் அடிபட்டுக் கொண்டுவரப்பட்டவர்களை அந்த வளாகத்திலேயே தாக்கிக் கொன்றார்கள். 1998இல் அங்கேயும் குண்டு வெடித்தது. இரண்டு பட்டியலும் சந்திக்கும் இடம் அது. எந்தக் கட்சிக்கும் சொந்தமில்லாத அரசுச் சுவர் அது. காங்கேயத்துக்கு நடுவே ஓடுவதும் அதே திருச்சி சாலைதான். காவலர் ஒருவர், பிறகு 18 பேர், பிறகு 58 பேர்: சேர்த்து 77. குடும்பங்களைக் கேட்டு, சம்மதம் கிடைத்தவர்களின் பெயரையும் வயதையும் தொழிலையும் தேதி வரிசையில் அந்தச் சுவரில் பொறிக்க மாவட்ட நிர்வாகமும் மாநகராட்சியும் மனம் வைத்தால் போதும். விவரம் தேடி எங்கும் அலைய வேண்டியதில்லை. பிரேதப் பரிசோதனைப் பதிவுகள் பெரும்பாலும் அந்த ஆஸ்பத்திரியிலேயே எழுதப்பட்டிருக்கும்.