1939இல் செய்த ஒரு கிட்டார்



1939, அமெரிக்காவின் பென்சில்வேனியா. நாசரேத் என்ற சிற்றூரிலுள்ள மார்ட்டின் பட்டறையில் ரோஸ்வுட் பலகையைச் சூட்டில் வளைத்து, மேலே மெல்லிய ஸ்புரூஸ் பலகை ஒட்டி ஒரு கிட்டார் செய்தார்கள்.

1992இல் 'அன்பிளக்ட்' நிகழ்ச்சியில் எரிக் கிளாப்டன் அதை வாசித்தார். ஹெரோயினிலும் மதுவிலும் விழுந்து எழுந்தவர் அவர். 1998இல் அன்டிகுவா தீவில் போதை மறுவாழ்வு நிலையம் ஒன்றைத் தொடங்கினார். 2004இல் அந்த நிலையத்துக்காக இதே கிட்டாரை ஏலத்தில் விட்டார். 791,500 டொலர் கிடைத்தது.

தாங்கள் இழைத்த மரம் 65 வருடம் கழித்து நோயாளிகளுக்கு உதவும் என்று அந்தத் தச்சர்கள் நினைத்திருப்பார்களா?

இசை பற்றி நமக்குள் கருத்து வேறுபாடு இருக்கலாம். ஆனால் ஐஸ் நம் பிள்ளைகளின் வாசல் வரை வந்துவிட்டது. மீண்டு வந்தவன் அடுத்தவனுக்குக் கை கொடுத்தான். நம்மூரில் மீண்டு வரும் பிள்ளைக்கு நாம் ஸலாமாவது சொல்கிறோமா?