பாடியில் சக்கரம், அம்பத்தூரில் டயர், சோழவரத்தில் ஓட்டம்

டிராக்கில் ஓட்டும் காருக்கு 7 அங்குல அகல ரிம் வாங்கிவிட்டால் அடுத்த கேள்வி, அதில் எந்த அளவு டயர் ஏற்றுவது? இப்போது இதற்கு அட்டவணை இருக்கிறது, கணக்கு இருக்கிறது. சோழவரத்தில் ஓட்டியவர்களுக்கு இந்தக் கேள்வியே வேறு மாதிரி இருந்தது. அதைப் புரிந்துகொள்ள ரேஸ் டிராக்கை விட்டு, திருவள்ளூர் நெடுஞ்சாலைக்கு வர வேண்டும்.

பாடியில் வீல்ஸ் இந்தியா. டிவிஎஸ் குழுமம் 1960-களின் தொடக்கத்தில் நிறுவிய ஆலை, வேலை சக்கரம் செய்வது. அங்கிருந்து மேற்கே சில கிலோமீட்டரில் அம்பத்தூர் டன்லப், 1959-இல் வந்தது. ஆலையின் ஆட்டம் அடங்கி வெகுகாலம் ஆகியும் பஸ் கண்டக்டர் "டன்லப் எறங்கு"ன்னுதான் குரல் கொடுப்பார். வடக்கே திருவொற்றியூரில் எம்ஆர்எஃப். மம்மன் மாப்பிள்ளை 1946-இல் பலூன் செய்யத் தொடங்கிய கொட்டகை, 1961-இல் அமெரிக்க மான்ஸ்ஃபீல்டு கூட்டோடு டயர் ஆலையாக வளர்ந்தது. செங்குன்றம் தாண்டினால் சோழவரம். இரண்டாம் உலகப்போர்க் கால விமான ஓடுதளம். 1953-இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அதில் பல பத்தாண்டுகள் பந்தயம் நடத்தியது.

சக்கரம், டயர், ஓடுதளம் எல்லாமே ஒரு காலை நேரத்து சைக்கிள் தூரத்தில். ஆனால் பந்தயக்காரருக்கு வேண்டிய டயர் மட்டும் அந்த வட்டத்துக்குள் கிடையாது.

காரணம் எளிது. ஆலை, சாலையில் ஓடும் காருக்குத்தான் டயர் செய்யும். அம்பாசடருக்கு 5.90-15. ஃபியட்டுக்கு, அதாவது பின்னாளைய பத்மினிக்கு, 5.20-14. ஹெரால்டுக்கு 5.20-13. முதல் எண் டயரின் அகலம், அங்குலத்தில். 5.20 என்றால் சுமார் 132 மில்லிமீட்டர். இன்றைக்கு மாருதி 800-இன் 145-ஐயே ஒல்லி என்கிறோம்! இறக்குமதிக்கு உரிமம், அதற்கு மேல் சுங்கம். ஆக, அளவைத் தேர்ந்தெடுத்தது ஓட்டுநர் அல்ல, ஆலையின் அச்சு.

1980-களின் தொடக்கத்தில் விஜய் மல்லையா என்சைன் ஃபார்முலா 1 காரைச் சோழவரத்துக்குக் கொண்டுவந்தார். கூட்டம் வாயைப் பிளந்தது எஞ்சின் சத்தத்துக்கு மட்டுமாக இருக்காது என்பது என் ஊகம். 1970-களின் பிற்பகுதியில் ஃபார்முலா 1 விதி 21 அங்குல அகலம் வரை டயரை அனுமதித்தது. ரிம்மின் விட்டம் வெறும் 13 அங்குலம், பத்மினியைவிடச் சின்னது. விட்டத்தில் சின்னது, அகலத்தில் நான்கு மடங்கு. பெரிய ரிம் போட்டால்தான் ரேஸ் கார் என்று நினைப்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கணும்.

டயரை அகலப்படுத்த முடியாவிட்டால் ரிம்மை அகலப்படுத்து. உலகமெங்கும் ஏழைப் பந்தயக்காரர்கள் கண்ட வழி இது. இரும்பு ரிம்மை லேத்தில் ஏற்றிச் சுற்றிலும் அறுத்து, நடுவில் பட்டை வைத்து வெல்டு அடிப்பது. உள்ளே டியூப் இருந்த காலம் என்பதால் வெல்டில் காற்றுக் கசியும் கவலை இல்லை. கவலை வேறு. வெல்டு கோணினால் சக்கரம் ஆடும். விரிசல் விட்டால் வளைவில் உயிருக்கே உலை. பட்டையை வெளிப்பக்கம் சேர்த்தால் வீல் பேரிங்குக்குப் பாரம் கூடும். அதே டயரை அகல ரிம்மில் ஏற்றினால் என்ன லாபம்? பக்கச்சுவர் தொப்பை போடாமல் விறைப்பாக நிற்கும், ஸ்டியரிங் திருப்பியதும் கார் கேட்கும். தோராயமாக, ரிம் அரை அங்குலம் கூடினால் டயரின் அகலம் 5 மில்லிமீட்டர் கூடும். அளவு மீறி இழுத்தால் வளைவில் பக்கவாட்டு விசை வரும்போது டயரின் விளிம்பு ரிம்மிலிருந்து நழுவும்.

1988-இல் கோவை கரிவரதன் ஃபார்முலா மாருதியைக் கொண்டுவந்தார். மாருதி 800 எஞ்சின் வைத்த ஒற்றை இருக்கைக் கார், எல்லாருக்கும் ஒரே மாதிரி. அளவுத் தேர்வு என்ற தலைவலியே அதில் இல்லை. 1990-இல் இருங்காட்டுக்கோட்டைத் தடம் திறந்தது, சுமார் 3.7 கிலோமீட்டர். பந்தயம் பார்க்கப் போகிற வழி செங்குன்றத்திலிருந்து பூந்தமல்லிக்கு மாறியது.

இனி கணக்கு. பழைய எஸ்டீமை எடுத்துக்கொள்வோம். 175/70 ஆர் 13, மொத்த உயரம் 575 மில்லிமீட்டர். ரிம்மை 15 அங்குலமாக்கி 195/50 போட்டால் 576. கியர் விகிதம் அசையாது. ஆனால் ஐரோப்பிய அட்டவணைப்படி 195/50-க்கு ரிம் அகலம் 5.5 முதல் 7 அங்குலம் வரை, ஆக 7 அங்குலம் கடைசிப் படி. 205/50-க்கு 7.5 வரை போகலாம், 7 அங்குலத்தில் நிம்மதியாக உட்காரும். உயரம் மட்டும் 586. 225/45-க்கு 7 அங்குலம் முதல் படி. தொப்பை விழும், எடை கூடும், மட்கார்டில் உரசும். 85 குதிரைத்திறன் காருக்கு அது பேராசை.

குளிர்நாட்டில், லேசான காருக்கு அகல டயர் போட்டால் சூடேறாது, பிடி வராது என்பார்கள். இருங்காட்டுக்கோட்டை வெயிலில் அந்த வாதம் பாதிதான் செல்லும். இங்கே ஒல்லி டயர்தான் நாலு சுற்றில் கொதித்துப்போய் வழுக்கும். அதனால் என் ஓட்டு 205/50-க்கு. 10 மில்லிமீட்டர் உயரத்தால் கியர் 1.7 சதவீதம் நீளும், வளைவிலிருந்து வெளியேறும்போது கொஞ்சம் சோம்பல் தெரியும். பொறுத்துக்கொள்ளலாம்.

ஆனா கடைக்குப் போனா கதை பழைய கதைதான். நம்மூர்க் கடைகளில் சுலபமாகக் கிடைக்கும் 15 அங்குல அளவுகள் 185/60, 195/55, 195/60. 195/55 எடுத்தால் உயரம் 595-ஐத் தாண்டும், மூன்றரை சதவீத நீளம். 205/50 வேண்டுமென்றால் சொல்லி வைத்துக் காத்திருக்க வேண்டும். அவசரக்காரர்களுக்கு என் யோசனை, ரிம்மை 6.5 அங்குலத்தோடு நிறுத்திக்கொண்டு 195/55 வாங்குவது.