பெட்டிக்குப் பின்னால் இருந்தவர்

வெள்ளவத்தையில் எவரிடமேனும் ‘கண்டக்டர்’ என்ற சொல்லைச் சொன்னால், காலி வீதியில் ஓடும் 100ஆம் இலக்க பஸ்ஸின் மிதிபலகையில் ஒற்றைக் காலில் நின்றுகொண்டு புறக்கோட்டைக்கு ஆள் கூப்பிடுகிற மனிதரே அவருடைய மனக்கண்முன் தோன்றுவார். ஐம்பது அறுபது வாத்தியக்காரரை எதிரே வைத்து, கையில் ஒரு சிறு கோலுடன் நின்று, தாம் ஒரு ஸ்வரமும் எழுப்பாமல் இசைநாடகம் முழுவதையும் நடத்திச் செல்லும் மேனாட்டு வித்துவானுக்கும் அதுவே பெயர் என்றால், நாம் வேடிக்கை பேசுவதாக எண்ணிக்கொள்வார். கொழும்புக்கு அந்த உத்தியோகம் தெரியாததல்ல. 1958இல் தொடங்கிய சிம்பொனி இசைக்குழுவை ஏர்ள் டி பொன்சேகா என்பவர் பல்லாண்டு காலம் நடத்தி வந்தார். அவரைப் பற்றி ஆங்கிலத்தில் எழுத ஆட்கள் இருக்கிறார்கள். கொட்டாஞ்சேனையிலும் ஜிந்துப்பிட்டியிலும் இரவிரவாகக் கண்விழித்து நாடகம் பார்த்த நம்மவர்க்கு அதே தொழிலைச் செய்து கொடுத்தவர் யார் என்பதுதான் நான் சொல்ல வந்த சங்கதி.

மேனாட்டாருக்கும் அந்தக் கோல் ஆதிமுதல் வந்த சொத்தல்ல. பிரான்ஸ் தேசத்து அரசவையின் சங்கீதத் தலைவராயிருந்த லுல்லி, நீண்டதொரு தடியால் தரையைத் தட்டித் தாளம் காட்டுவார்; 1687ஆம் வருஷம் ஜனவரி மாதத்தில் அந்தத் தடி தமது கால்விரலிலேயே விழ, புண் புரையோடி மார்ச் மாதத்தில் மாண்டுபோனார். தாளம் போட்டு உயிர் துறந்தவர் உலகத்தில் அவர் ஒருவராகத்தான் இருக்கவேண்டும். அவருக்குப் பின் நூறாண்டுக்கு மேலாக, இசைநாடகத்தை நடத்தியவர் பெரும்பாலும் நின்றுகொண்டு நடத்தவில்லை. ஹார்ப்சிகார்டு என்னும் கட்டை வாத்தியத்தின் முன் அமர்ந்து, பாடுகிறவனுக்குச் சுருதியும் எடுப்பும் கொடுத்து, தலையசைப்பாலும் கண்ஜாடையாலும் மற்ற வாத்தியங்களைத் தம் வசத்தில் வைத்திருந்தார். வெபர், மெண்டல்சோன் முதலானோர் கையில் கோல் ஏறி நிலைபெற்றது பத்தொன்பதாம் நூற்றாண்டிலேதான். கட்டை வாத்தியத்தின் முன் உட்கார்ந்திருந்த அந்தப் பழைய மனிதரை வாசகர் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். கொழும்பில் அவரை மறுபடியும் சந்திக்கப் போகிறோம்.

நம்முடைய கூத்துக் களரியில் இந்த ஸ்தானம் அண்ணாவியாருடையது. நல்ல நாள் பார்த்து, ஒவ்வொரு கூத்தருக்கும் அவரவர் பாட்டும் வசனமும் எழுதிய ஏட்டைக் கையளிப்பதைச் சட்டங்கொடுத்தல் என்பார்கள். அன்று தொடங்கி, அடுக்குப் பார்த்தல், சதங்கை அணிதல் என்று மாதக்கணக்கில் நடக்கும் பயிற்சியெல்லாம் கடந்து, அரங்கேற்றத்து விடியற்காலம் வரையில் அண்ணாவியார் சொல்வதே சட்டம். மட்டக்களப்பிலே மத்தளத்தைத் தாமே இடுப்பில் கட்டிக்கொண்டு ஆட்டத்தை நடத்துவார். பாட்டு மறந்தவனுக்கு அடியெடுத்துக் கொடுக்க ஏட்டண்ணாவியார் ஒருவர் பக்கத்திலே நிற்பார். மிலானிலும் பாரிஸிலும் மேடைக்கு அடியில் ஒரு குழியிலே ஒளிந்திருந்து அடியெடுத்துக் கொடுக்கிறவருடைய வேலை இதுவேதான். நம்மவர் ஒளிந்துகொள்ளவில்லை, அவ்வளவே வித்தியாசம்.

யாழ்ப்பாணம், மன்னார் ஆகிய பகுதிகளின் கத்தோலிக்க நாட்டுக்கூத்து, சிலாபம், நீர்கொழும்பு வழியாகக் கடற்கரையோரமாய்த் தெற்கே நடந்து வந்து, சிங்களவரிடையே ‘நாடகம’ என்று பெயர் பெற்றது. கொழும்பிலே கொல்லுவேலை செய்த பிலிப்பு சிஞ்ஞோ என்பவரே அத்துறையின் பிதாவாக எண்ணப்படுகிறார். அங்கே ஏட்டைக் கையில் ஏந்திக் கதையைத் தொடக்கி வைப்பவருக்குப் ‘பொத்தே குரு’ என்று பெயர். பொத்த என்றால் புத்தகம். நமது ஏட்டண்ணாவியாரே மொழிமாறி நிற்கிறார் என்பது என் அபிப்பிராயம். இன்னிசை என்ற சொல்லும் மத்தளம் என்ற சொல்லும் சிறிது உருமாறிச் சிங்கள நாடக மேடையில் இன்றும் வழங்குவதை நோக்க, இந்த அபிப்பிராயம் அவ்வளவு துணிச்சலானதாகத் தோன்றாது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பம்பாய்ப் பார்சிக் கம்பெனிகள் கப்பலேறி வந்து, எழுதிய திரைச்சீலைகளையும் மின்னும் உடுப்புகளையும் ஆர்மோனியத்தையும் கொழும்புக்குக் காட்டின. மத்தளத்தின் ஆட்சி அன்றோடு முடிந்தது. வழக்கறிஞரும் நாடகாசிரியருமான ஜோன் டி சில்வா, தம் நாடகங்களுக்கு மெட்டமைக்க இந்தியாவிலிருந்து விசுவநாத் லாவ்ஜி என்னும் வித்துவானை வருவித்தார். சிங்களம் அறியாத லாவ்ஜி, காட்சியின் பாவத்தைப் பிறர் எடுத்துச் சொல்லக் கேட்டு மெட்டமைத்தார். அப்படிப் பிறந்ததுதான் 1903ஆம் வருஷத்து ‘சிறிசங்கபோ’ நாடகத்தின் ‘தன்னோ புதுங்கே’. 2016ஆம் ஆண்டு சுதந்திர தினத்தில் காலிமுகத் திடலிலே பாடகி கிஷானி ஜயசிங்க அதை மேனாட்டு இசைநாடகப் பாணியிற் பாடியபோது, நம் பழம்பாட்டைக் கெடுத்துவிட்டாள் என்று ஊரெல்லாம் கொதித்தது. அந்தப் பழம்பாட்டு நாடக மேடைக்காகவே ஓர் இந்திய வித்துவான் அமைத்த மெட்டு என்பது கொதித்தவரில் எத்தனை பேருக்கு நினைவிருந்ததோ!

ஆர்மோனியம் 1842இல் பாரிஸிலே டெபான் என்பவர் உரிமை பெற்ற கருவி. 1875இல் கல்கத்தாவில் துவாரகநாத் கோஷ் அதைக் கையால் துருத்தி அசைக்கும் சிறு பெட்டியாக்கினார். ஆனால் நாடகக்காரர் விரும்பியது காலால் மிதிக்கும் பெட்டியைத்தான். இரண்டு கையும் வாசிக்க மிச்சம். ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் கடைசி வரிசை வரைக்கும் கேட்கும். வித்துவான்கள் அதில் கமகம் இல்லையென்று குறைகூறினார்கள், குறை மெய்யே. அகில இந்திய வானொலி 1940 மார்ச் முதலாம் தேதி தொடங்கி முப்பதாண்டுக்கு மேலாக அதை விலக்கியும் வைத்தது. ஆயினும், அதைக் குறைசொல்கிற வித்துவானே தம்முடைய சுருதியைக் கேட்டால் ‘ஒன்றரைக் கட்டை’ என்றுதான் விடை சொல்வார். அந்தக் கட்டை ஆர்மோனியத்தின் கட்டை: முதல் வெள்ளை ஒன்று, அதற்கடுத்த கறுப்பு ஒன்றரை, அடுத்த வெள்ளை இரண்டு. பெட்டியை வெறுத்தவர்களும் அதன் கணக்கை விடவில்லை.

1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் தொடர்பு ஏற்பட்டபின், தென்னாட்டு நாடகக்காரர் சென்னையில் ரயிலேறிக் கொழும்பில் வந்திறங்குவது சுலபமாயிற்று. அவர்கள் தங்கியதும் ஆடியதும் செட்டியார் தெருவை அடுத்த ஜிந்துப்பிட்டிப் பக்கம். கொடுமுடியிற் பிறந்த சுந்தராம்பாள் 1917இல் சிறுமியாய் இங்கே வந்து, பல்லாண்டுகள் கொழும்பு மேடையிற் பாடி வளர்ந்தார். 1926இல் செங்கோட்டைக் கிட்டப்பா அவரைச் சந்தித்ததும், இருவரும் ஜோடியாய் நடித்ததும் இந்தக் கொழும்பிலேதான். கிட்டப்பாவுக்கு ஆர்மோனியம் வாசித்தவர் அவருடைய தமையனார் காசி ஐயர். 1933இல், 27ஆம் வயதில், தம்பி இறந்துபோக, அந்தக் கீர்த்தியின் ஓரத்திலே தமையனாரின் பெயரும் ஒட்டிக்கொண்டு தப்பியது.

அக்காலத்து ஸ்பெஷல் நாடகத்திலே ராஜபார்ட்டு ஒரு ஊர், ஸ்திரீபார்ட்டு வேறொரு ஊர். ஒத்திகை என்பது கிடையாது. திரை தூக்குவதற்குச் சற்று முன்தான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். அப்படிப்பட்டவர்களை விடியும்வரை ஒரே கதையிற் கட்டி நிறுத்தியவர், மேடையின் ஓரத்தில், மிருதங்கக்காரருக்கு முன்னால், பெட்டியை மிதித்துக்கொண்டிருந்த பின்பாட்டுக்காரர். நடிகர் படுதாவுக்கு உள்ளேயிருந்து விருத்தத்தின் முதலடியை எடுத்த மாத்திரத்தில், முகம் தெரியுமுன்பே குரலின் கட்டையைப் பிடித்துப் பெட்டியில் வைப்பார். நடுச்சாமத்துக்குப் பின் குரல் கம்மினால் அரைக் கட்டை இறக்கி, இறக்கியது சபைக்குத் தெரியாமல் தாமும் சேர்ந்து பாடுவார். ஸ்திரீபார்ட்டு சேலை மாற்றத் தாமதித்தால், மோகனத்தில் ஒரு சுற்று வாசித்து நேரத்தை நிரப்புவார். ஒன்ஸ்மோர் என்ற கூச்சல் எழும்போது, அதற்கு இடங்கொடுப்பதா வேண்டாமா என்பதையும் நடிகர் அவர் கண்ணைப் பார்த்தே தீர்மானிப்பார். ஹார்ப்சிகார்டின் முன் அமர்ந்திருந்த மனிதரை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளச் சொன்னேனே, அவர் இவரேதான். பைரோயித் நகரில் வாக்னர் 1876இல் கட்டிய அரங்கில் வாத்தியக்காரரையும் அவர்தம் தலைவரையும் சபையோர் கண்ணில் படாதபடி மறைத்து வைத்தாராம். நம்மவர் சபைக்கு நேரெதிரே எட்டு மணிநேரம் உட்கார்ந்திருந்தும் ஒருவரும் அவரைப் பார்க்கவில்லை.

என் சிறுபிராயத்தில் வெள்ளவத்தைக் கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கையொன்றிலே இத்தொழிலில் எஞ்சியிருந்த கிழவர் ஒருவர் வசித்தார். பிள்ளைகளுக்கு வர்ணம் சொல்லிக் கொடுப்பதும் ஆர்மோனியம் பழுதுபார்ப்பதும் அவருக்கு ஜீவனம். உப்புக்காற்றுப் பட்டு ரீடுகள் களிம்பேறிச் சுருதி விலகி வரும் பெட்டிகளைத் திறந்து, பித்தளை நாக்கு ஒவ்வொன்றையும் மூக்குக்கண்ணாடிக்கு அருகே பிடித்துப் பார்ப்பார்: ஸ்வரம் ஏற வேண்டுமானால் நாக்கின் நுனியைச் சுரண்டுவார், இறங்க வேண்டுமானால் அடியைச் சுரண்டுவார், சுரண்டியபின் வாயால் ஊதிக் கேட்பார். “கூடச் சுரண்டினால் போச்சு, தம்பி. ஆளை ஏத்தலாம், இறக்கலாம், உடைச்சிடக் கூடாது” என்றார் ஒருநாள். ரீடைச் சொன்னாரோ, ராஜபார்ட்டைச் சொன்னாரோ, கேட்க அப்போது எனக்குத் தெரியவில்லை.

பேசும்படம் வந்தது, ஜிந்துப்பிட்டியின் இராத்திரிகள் குறைந்தன. 1947 ஜனவரி 21ஆம் தேதி கொட்டாஞ்சேனை கிங்ஸ்லி தியேட்டரில் முதலாவது சிங்களப் பேசும்படம் திரையிடப்பட்டது, தயாரித்தவர் எஸ். எம். நாயகம் என்னும் தமிழர், இசையமைத்தவர் நாராயண ஐயர். பின்னால் ஐயரோடு வந்த நாகர்கோவில் வயலின்காரர் ஆர். முத்துசாமி, இந்நாட்டிலேயே தங்கிச் சிங்களப் படவுலகின் பேர்பெற்ற இசையமைப்பாளரானார். இவர்கள் பெயரெல்லாம் திரையில் எழுத்தாய் ஓடியது. ஆகவே நமக்குத் தெரிகிறது. நாடக நோட்டீசிலோ, ராஜபார்ட்டின் பெயர் விரற்கடைப் பருமனில் அச்சாகும். ஆர்மோனியக்காரர் பெயர், இடம் மிஞ்சினால் அடியில் ஒரு வரி, மிஞ்சாவிட்டால் அதுவுமில்லை. கொட்டாஞ்சேனையிலோ வெள்ளவத்தையிலோ உங்கள் பாட்டனார் காலத்துத் தகரப் பெட்டியொன்றில் அப்படிப்பட்ட நோட்டீஸ் ஒன்று மடிந்து கிடக்குமானால், அதை எறிந்துவிடாதீர்கள். கடைசி வரியைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்து, அந்தப் பெயரை ஒரு தாளில் எழுதி வையுங்கள்.