ஜேம்ஸ் வாட்டும் உருளை கடைந்த கம்மியரும்

கொதிக்கும் கெண்டியின் மூடி ஆடக் கண்ட சிறுவன் ஒருவன் பின்னாளில் நீராவிப் பொறியைக் கண்டுபிடித்தான் என்னும் கதை, பள்ளிப் பாடங்களில் நெடுங்காலமாக வழங்கிவருவது. வரலாறு அவ்வாறு கூறவில்லை. தாமஸ் நியூகோமன் என்னும் ஆங்கிலேயர் 1712-லேயே நீராவிப் பொறியை இயக்கிக் காட்டிவிட்டார். ஜேம்ஸ் வாட் பிறந்ததோ 1736-இல். வாட் செய்தது அப்பொறியின் பெருங்குறையைத் தீர்த்ததே ஆகும். அதற்குரிய எண்ணம் அவருக்கு 1765-இல் தோன்றியது. பொறி தொழிற்களத்தில் இயங்கியதோ 1776-இல். இடையில் 11 ஆண்டுகள் கழிந்தமைக்குக் காரணம் யாது? இதற்கு விடை கம்மாலையில் கிடைக்கின்றது.

வாட் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்திற்குக் கருவிகள் செய்து தந்தவர். பழுதுற்ற நியூகோமன் பொறியின் மாதிரி ஒன்றைச் செப்பனிடும்போது, ஒரே உருளையை மாறிமாறிச் சூடாக்கிக் குளிரவைப்பதால் நீராவி வீணாவதை உணர்ந்தார். நீராவியைக் குளிர்விக்கத் தனிக்கலம் அமைத்து, உருளையை எப்போதும் சூடாகவே வைப்பது என்பது அவர் கண்ட வழி. பித்தளைப் பீச்சாங்குழல் ஒன்றையே உருளையாகக் கொண்டு செய்த சிறு சோதனை வெற்றி தந்தது.

பெரிய உருளை செய்யப் புகுந்தபோதுதான் இடர் தொடங்கிற்று. நியூகோமன் பொறியில், உருளைக்கும் அதனுள் ஏறியிறங்கும் உந்துதண்டுக்கும் இடையேயுள்ள சந்தினை, மேலே ஊற்றிய தண்ணீர் அடைத்துவிடும். வாட்டின் உருளை குளிரக் கூடாதாகையால் அங்கே தண்ணீருக்கு இடமில்லை. எனவே, உருளையின் உட்புறம் பிழையற்ற வட்டமாய் அமைதல் வேண்டும். சுத்தியலும் தகரமும் கொண்டு வேலை செய்தோரால் அஃது இயலவில்லை. துணையாயிருந்த முதிய தகரக் கொல்லர் மறைந்தபோது, அவ்விழப்பை வாட் தம் கடிதத்தில் எழுதி வருந்தினார்.

ஜான் ரோபக் என்னும் தொழிலதிபர் பொருளுதவி செய்ய முன்வந்தார். 1769-இல் காப்புரிமை கிடைத்தது. அவ்வாண்டு கின்னீல் என்னுமிடத்தில் 18 அங்குல உருளையுடன் ஒரு பொறி எழுந்தது. உருளை கோணலாயிருந்தமையால் நீராவி கசிந்தது. தக்கை, எண்ணெய்த் துணி, பழைய தொப்பி என வாட் எதை எதையோ அடைத்துப் பார்த்தும் பயனில்லை. பிழைப்புக்காக அவர் கால்வாய்களுக்கு நிலம் அளக்கப் போனார். 1773-இல் ரோபக் நொடித்துப்போனார். வாட்டின் மனைவியும் அவ்வாண்டே இறந்தார்.

ரோபக்கின் பங்கினை ஏற்ற மாத்யூ போல்டன், 1774-இல் வாட்டைப் பர்மிங்காமுக்கு வரவழைத்தார். போல்டனின் சோகோ ஆலையில் கைதேர்ந்த கம்மியர் பலர் இருந்தனர். ஆயினும், பேருருளையைக் கடையும் வல்லமை ஜான் வில்கின்சனிடம் இருந்தது. இரும்பாலை நடத்திய அவர், பீரங்கி துளைக்கும் புதுமுறைக்கு 1774-இல் காப்புரிமை பெற்றவர். அதற்கு முன்னர், துளைக்கும் தண்டின் ஒரு முனைக்கு மட்டுமே தாங்கல் இருந்தது. ஆகவே அது வார்ப்பின் கோணல் வழியே சென்றுவிடும். வில்கின்சன் 1775-இல் தண்டினை உருளையின் ஊடே செலுத்தி, இருபுறமும் தாங்கச் செய்தார். தண்டு அசையாமையால் துளை நேராயிற்று.

1776-இல் புளூம்பீல்டு நிலக்கரிச் சுரங்கத்தில் 50 அங்குல உருளையுடைய பொறி இயங்கியது. அவ்வுருளையில் ஒரு பழைய ஷில்லிங் நாணயத்தின் தடிப்பளவு பிழைகூட இல்லை என்று போல்டன் எழுதினார். அதே ஆண்டு எழுந்த மற்றொரு பொறி, வில்கின்சனின் இரும்புலைக்கே காற்று ஊதியது. கைம்மாறு உடனே கிடைத்தது எனலாம்.

வாட்டின் அறிவில் குறையில்லை. அதனை இரும்பில் வடிக்கும் கைதான் வாய்க்கவில்லை. கை வாய்த்தவுடன் பொறி ஓடியது. பாடநூலில் வாட்டின் பெயரைப் படிக்கும் மாணவர், வில்கின்சன் பெயரையும், பெயர்கூட எஞ்சாத அத்தகரக் கொல்லரையும் உடன் அறிவாராயின், கண்டுபிடிப்பு என்பது ஒருவர் தலையில் மட்டும் பிறப்பதன்று என்னும் உண்மையையும் அறிவர்.